கச்சேரி, மேட்ச் டிக்கெட் வாங்கினாலும் மறுபடி விற்றாலும் சட்டத்தில் நமக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

கேள்வியில் மூன்று சிக்கல்கள் கலந்திருக்கின்றன. நிகழ்ச்சி தள்ளிப்போய்விட்டது, "நோ ரீஃபண்ட்" என்கிறார்கள், பணம் திரும்ப வருமா? நம்மால் போக முடியாவிட்டால் டிக்கெட்டை வேறொருவருக்கு விற்கலாமா, கூடுதல் விலை வைத்தால் குற்றமா? இன்ஸ்டாகிராமில் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாங்கி, வாசலில் "இது ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டது" என்று திருப்பி அனுப்பினால் யாரைப் பிடிப்பது?

முதல் சிக்கலில் இந்தியச் சட்டம் வாங்கியவர் பக்கம் பலமாகவே நிற்கிறது. இரண்டாவதில் ஏறக்குறைய மௌனம்தான். மூன்றாவதில் நுகர்வோர் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது, போலீசிடம்தான் போக வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்பதைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: நீங்கள் கொடுத்த பணம் யாருடைய கணக்குக்குப் போனது.

"நோ ரீஃபண்ட்" விஷயத்துக்கு வருவோம். நீங்கள் மனம் மாறி வராமல் இருந்தால் அந்த நிபந்தனை செல்லும். நிகழ்ச்சியே நடக்காமல் போனாலோ, செல்லுபடியாகும் டிக்கெட்டோடு வந்தவரை உள்ளே விடாமல் போனாலோ அதைக் காட்டித் தப்ப முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47) இதைத் தெளிவாகச் சொல்கிறது. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை பில்லில் குறித்த காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும். காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள். மறுத்தால் அது நேர்மையற்ற வணிக நடைமுறை. நுகர்வோர் மீது நியாயமில்லாத சுமையை ஏற்றும் ஒப்பந்த நிபந்தனையைப் பிரிவு 2(46) தனியாகக் கையாளுகிறது. ஆனால் ஒரு நிபந்தனையை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அறிவிக்கச் சொல்லும் மனு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பணம் திரும்ப வந்தால் போதும் என்பவர்கள் அந்தப் பிரிவை விட்டுவிட்டு, "சேவைக் குறைபாடு" என்ற தலைப்பில் மாவட்ட ஆணையத்தில் போடுவதே சுலபம்.

தேதி மாறும்போதுதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். "உங்கள் டிக்கெட் புதிய தேதிக்கும் செல்லும், பணம் வேண்டுவோர் இந்தத் தேதிக்குள் கேட்கவும்" என்று ஒரு மெயில் வரும். அது ஸ்பேமில் கிடக்கும், கெடு முடிந்துவிடும். அதனால் தேதி மாறியது தெரிந்த அன்றே, "புதிய தேதி எனக்கு ஒத்துவராது, முழுப் பணத்தையும் திருப்பித் தரவும்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். தள்ளிவைத்த பிறகு பல வாரம் சும்மா இருந்தால், புதிய தேதியை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதாடும்.

டிக்கெட் பணம் வந்தாலும், டிக்கெட் விற்கும் ஆன்லைன் தளம் புக்கிங்குக்காக வாங்கும் கன்வீனியன்ஸ் ஃபீ வராது என்பது அடுத்த புகார். அந்தக் கட்டணம் வாங்குவதே தவறு என்று வாதாடாதீர்கள், அது நிற்காது. "புக்கிங் செய்து தருவதுதான் எங்கள் வேலை, அதை முடித்துவிட்டோம்" என்று தளம் சொல்லும், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. வேறு வழியில் கேட்க வேண்டும்: நிகழ்ச்சியை ரத்து செய்தது அமைப்பாளர், அதனால் எனக்கு வீணானது டிக்கெட் விலையும் கட்டணமும் சேர்த்து இவ்வளவு, இதை இருவரில் யாராவது தர வேண்டும். இதற்காகத்தான் புகாரில் தளம், அமைப்பாளர் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார், ஆணையமும் "சேர்க்க வேண்டியவரைச் சேர்க்கவில்லை" என்று சொல்லிவிடலாம்.

அமைப்பாளர் யார் என்று கண்டுபிடிப்பது நினைப்பதைவிடக் கடினம். போஸ்டரில் இருப்பது பெரும்பாலும் ஒரு பிராண்ட் பெயர். டிக்கெட் இன்வாய்ஸை வாங்கிய அன்றே தரவிறக்கி வையுங்கள். அதில் தளத்தின் கட்டணத்துக்கு ஒரு ஜிஎஸ்டி எண்ணும், டிக்கெட் விலைக்கு அமைப்பாளரின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கலாம். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தின் பொதுத் தேடலில் போட்டால், பதிவான சட்டப் பெயரும் இருக்கும் மாநிலமும் தெரிந்துவிடும். புகாரில் எழுத வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

விலை காட்டும் முறையிலும் விதி உண்டு. முதலில் குறைந்த விலையைக் காட்டி, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவது, கேட்காமலேயே நன்கொடையையோ இன்சூரன்ஸையோ கூடையில் சேர்ப்பது, பொய்யாக "இன்னும் 2 சீட்தான் இருக்கிறது" என்று பயமுறுத்துவது ஆகியவை 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட இருண்ட வடிவமைப்பு (டார்க் பேட்டர்ன், அதாவது வாங்குபவரை ஏமாற்றும் திரை உத்திகள்) தடுப்பு வழிகாட்டுதல்களில் உள்ள 13 வகைகளில் வருகின்றன. 2020 மின்வணிக விதிகளும், முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன. வரி இதில் சேராது. ஐபிஎல் டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம், ஆயிரம் ரூபாய் டிக்கெட் 1,400 ஆவது அதனால்தான். அதை எடுத்த எடுப்பிலேயே காட்டினார்களா என்பதுதான் கேள்வி.

பணம் போய்விட்டது, டிக்கெட் புக் ஆகவில்லை என்றால் அது தனிக் கணக்கு. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, யுபிஐயிலோ ஆன்லைன் கார்டிலோ வணிகருக்குச் செலுத்திய பணம் இப்படி மாட்டிக்கொண்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வங்கியிடம் கேளுங்கள், டிக்கெட் தளத்திடம் மன்றாட வேண்டாம்.

அடுத்து மறுவிற்பனை. போக முடியாத ஒருவர் வாங்கிய விலைக்கே நண்பருக்குக் கொடுப்பதை எந்த மத்தியச் சட்டமும் தடுக்கவில்லை. டிக்கெட் நிபந்தனையில் "மாற்றத் தக்கதல்ல" என்று இருந்தால், அமைப்பாளர் அந்த டிக்கெட்டை ரத்து செய்யலாம். அது ஒப்பந்தப் பிரச்சினை, ஜெயில் பிரச்சினை அல்ல. மத்தியச் சட்டத்தில் விலை உச்சவரம்பும் இல்லை. அயர்லாந்து 2021இல் போட்ட சட்டத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதையே குற்றமாக்கியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அசல் விலைக்கு மேல் 10 சதவீதம்தான் எல்லை. இங்கிலாந்தின் 2015 சட்டம், மறுவிற்பனைத் தளத்தில் சீட் எண், அச்சிட்ட விலை, கட்டுப்பாடுகள் மூன்றையும் வாங்குபவருக்குச் சொல்லச் சொல்கிறது. நம் மத்தியச் சட்டத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. 2025 ஜனவரியில் நடந்த, கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறியபோது மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போடப்பட்டது. சட்டம் இயற்றுவது அரசின் வேலை என்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இந்த வெற்றிடம் நிரப்பப்பட வேண்டும், விலை உச்சவரம்பைவிட முதலில் இங்கிலாந்து மாதிரி தகவல் கட்டாயமாவது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சீட் எண்ணைச் சொல்ல வேண்டும் என்றாலே, கையில் இல்லாத டிக்கெட்டை விற்பவர்கள் பாதிப்பேர் விலகிவிடுவார்கள்.

பிளாக்கில் விற்பதே குற்றமில்லை என்று இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 112, குழுவாகச் செய்யும் சிறு குற்றங்களின் பட்டியலில் "அனுமதியற்ற டிக்கெட் விற்பனை"யைப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. தண்டனை ஓர் ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை. ஒரு டிக்கெட்டை விட்டுக்கொடுக்கும் தனி மனிதர் இதில் வரமாட்டார். பத்துப் பேரை வரிசையில் நிற்க வைத்து டிக்கெட் திரட்டி விற்கும் கும்பல் வரும்.

இப்படி இன்னொருவரிடமிருந்து டிக்கெட் பெற்றவருக்கு என்ன உரிமை? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப் பிரிவு 2(7)படி, பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான். அக்கா வாங்கிய டிக்கெட்டில் தம்பி போனால், உள்ளே விடாததற்குத் தம்பியும் புகார் செய்யலாம். தெரியாத நபரிடம் மூன்று மடங்கு கொடுத்து வாங்கியவரும் இதே வாதத்தை வைக்கலாம். ஆனால் அமைப்பாளரிடம் கேட்க முடிவது பெரும்பாலும் அசல் விலை மட்டும்தான், மேலே கொடுத்தது போனதுதான். லாபத்துக்காக வாங்கிக் குவித்தவர் வணிக நோக்கில் வாங்கியவர் என்பதால் நுகர்வோர் ஆகவே மாட்டார்.

விற்றவர் மீது போகலாமா? தனி நபர், தொழிலாகச் செய்யாதவர் என்றால் மின்வணிக விதிகள் அவரைத் தொடாது. அங்கே ஏமாற்று என்ற குற்றம்தான் வழி: நியாய சன்ஹிதா பிரிவு 318(4), ஆன்லைனில் வேறொருவராக நடித்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி. ஏமாந்தது தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் திரும்ப வரும். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது கிடைப்பது அபூர்வம்.

ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி தப்பிக்கலாம். ஒரே க்யூஆர் கோடின் ஸ்கிரீன்ஷாட்டை ஐந்து பேருக்கு விற்பார்கள். முதலில் வாசலில் நீட்டுபவர் உள்ளே, மற்ற நால்வரும் வெளியே. சில ஆப்களில் கோடு சில நொடிக்கொருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அதற்கு ஸ்கிரீன்ஷாட் எந்த வகையிலும் செல்லாது. கைப்பட்டை கொடுக்கும் நிகழ்ச்சிகளில், அதை வாங்க முதலில் புக் செய்தவரின் அடையாள அட்டை கேட்பார்கள். புக்கிங் மெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் கவுன்டரில் நிற்க வேண்டியதுதான். ஆகவே ஆப்புக்குள்ளேயே உங்கள் எண்ணுக்கு மாற்றித் தரும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள், மாறிய பிறகு பணம் கொடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் வாசலில் சந்தித்து, ஸ்கேன் ஆனபின் கொடுப்பது. "அட்வான்ஸாகப் பாதி அனுப்புங்கள்" என்பவரை அத்தோடு விட்டுவிடுங்கள்.

இனி தளத்தின் மீதோ அமைப்பாளர் மீதோ புகார் செய்யும் வழி. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் இசை நிகழ்ச்சியில், கையில் டிக்கெட்டோடு வந்த பலர் நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அந்த மாதிரி நாளில் உங்கள் வழக்கைக் காப்பாற்றுவது, நேரமும் இடமும் பதிவான படங்கள்தான். மூடிய கேட், வரிசை, ஸ்கேன் ஆகாத உங்கள் டிக்கெட் திரை மூன்றையும் படமெடுங்கள். மறுநாளே மெயிலில், "என் டிக்கெட் ஸ்கேன் செய்யப்பட்டதா என்ற நுழைவுப் பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று எழுதுங்கள். பிறகு அவர்கள் அதைத் தராவிட்டால் அதுவே உங்களுக்குச் சாதகமான வாதம்.

அந்த மெயில் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் போக வேண்டும். விதிப்படி அவர் 48 மணி நேரத்தில் பெற்றதாகப் பதில் தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கடமைப்பட்டவர். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல முடியாது, நிறுவனத்திடம் பேசி வைப்பார்கள். சின்னத் தொகைகள் பல இங்கேயே முடிந்துவிடும். கார்டில் கட்டியிருந்தால் இதே நேரத்தில் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். நடக்காத சேவைக்கு வழக்கமான கெடு 120 நாள், அதனால் ஆணையத்தின் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆணையத்துக்குப் போக வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனம் மும்பையில் இருந்தால் மும்பைக்கு ஓட வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. கெடு இரண்டு ஆண்டு. ஸ்கிரீன்ஷாட், வீடியோ கொடுத்தால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63(4)படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் இணையுங்கள். அது இல்லாவிட்டால் நல்ல ஆதாரமும் கேள்விக்குள்ளாகும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேலே அதிகபட்சம் 15 நாள். அதற்குப் பின் வரும் பதிலை ஏற்கக் கூடாது என்று எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். டிக்கெட், கட்டணம், ரயில் அல்லது பஸ், தங்குமிடம் இவற்றுக்குப் பில் வைத்துக் கேளுங்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியாக ஒரு நியாயமான தொகை. 3,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 50 லட்சம் கேட்டால், உண்மையான இழப்பும் சேர்ந்து நம்பகம் இழக்கும்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப் பிரிவு 71இல் நிறைவேற்று மனு, பிரிவு 72இல் தண்டனை மனு. பிரிவு 72இல் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேல்முறையீட்டுக் கெடு 45 நாள். அது முடிந்து தடை உத்தரவும் இல்லை என்றால் மறுநாளே இந்த மனுக்களைப் போட்டுவிடுங்கள்.