மேலக்கடம்பூர்: பாட்டு முதலில், கல் பிறகு

அன்புள்ள ஐயா,

போன மாதம் சிதம்பரம் போன கையோடு காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலக்கடம்பூர் அமிர்தகடேசுவரர் கோயிலுக்கும் போய்வந்தோம். தாராசுரம் பார்த்த கண்ணுக்கு இது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது, கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு குழப்பமும் இருக்கிறது. அப்பர் பாடிய தலம் என்றால் 7ஆம் நூற்றாண்டு. ஆனால் குலோத்துங்க சோழன் கட்டியது என்கிறார்கள். அப்படியென்றால் கோயிலுக்கு வயது 1,300க்கு மேலா, 900தானா?

ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு கணக்கும் சரிதான். கோயிலின் வயது ஒன்று, நீங்கள் சுற்றிவந்த கட்டடத்தின் வயது வேறு.

அப்பர் காலத்தில் நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லும் மரமும் சுதையும்தான். அதற்குச் சாட்சி விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில், மண்டகப்பட்டுக் குடைவரையில் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தேன் என்று பல்லவ ராஜா மகேந்திரவர்மன் அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஒரு ராஜா இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான் என்றால் மற்ற கோயில்கள் எல்லாம் எதனால் இருந்தன என்று புரிந்துவிடுகிறது. அப்பர் அவன் காலத்தவர். கடம்பூரில் அவர் கும்பிட்டது அப்படி ஒரு கோயிலைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சோழர்கள் வந்து ஒவ்வொன்றாகக் கற்றளி, அதாவது கல் கோயில், ஆக்கினார்கள். நம் மாவட்டத்து விருத்தாசலத்தில் அதைச் செய்தவர் சோழ அரசி செம்பியன் மாதேவி. அதே அம்மையார் திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது, அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் சொல்லி, இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் போட வைத்தார். எனக்கு அந்த அம்மையார் மேல் அவ்வளவு மரியாதை. கடம்பூருக்கு அந்த முறை வந்தது முதலாம் குலோத்துங்கன் காலத்தில். 1070இல் பட்டத்துக்கு வந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆண்டவன் அவன், தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரமும் இங்கிருந்து பக்கம்தான்.

சரி, இந்தக் கோயில் தேர் வடிவில் இருக்கிறதே, அதற்கு வருவோம். ‘என்கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற வரி தெரியாதவர்கள் நம்மில் குறைவு. அது பிறந்தது இந்தக் கடம்பூர்ப் பதிகத்தில்தான், அந்தப் பாட்டிலேயே ‘தென்கடம்பைத் திருக்கரக் கோயிலான்’ என்று சாமியைச் சொல்கிறார் அப்பர். கரக்கோயில் என்றால் தேர் மாதிரி அமைந்த கோயில் என்பதுதான் காலங்காலமாகச் சொல்லிவருகிற விளக்கம். குலோத்துங்கன் காலம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். கோயிலுக்குக் கோயில் ஓதுவார்கள் தேவாரம் பாடிக்கொண்டிருந்த காலம், இன்னும் ஒரு தலைமுறையில் சேக்கிழார் பெரிய புராணம் பாடப்போகிறார். அந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்தவர்கள், அதில் இருந்த பெயரைக் கல்லில் செய்து பார்த்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால்தான் அளவை வைத்து இந்தக் கோயிலை எடைபோட எனக்கு மனசு வருவதில்லை.

தாராசுரத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. தாராசுரத்தில் சக்கரமும் குதிரையும் இருப்பது முன்னால் உள்ள மண்டபத்தில். சிதம்பரத்தில் நிருத்த சபையில். கடம்பூரில் கருவறையும் விமானமுமே தேர். நம் ஊர்த் தேரில் சாமி எங்கே உட்கார்ந்து வருவாரோ அதே இடத்தில் மூலவர் இருக்கிறார், நாம் பிரதட்சிணம் வரும்போது அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், உள்ள சக்கரத்தை உரசிக்கொண்டு நடக்கிறோம். காலத்திலும் இதுதான் முன்னது. தாராசுரம் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தேர்க் கோயில் என்றதும் எல்லோரும் சொல்கிற கோனார்க் அதற்கும் பிறகு, 13ஆம் நூற்றாண்டு. (கோனார்க்கைக் கட்டிய கங்க வம்சத்து நரசிம்மதேவனின் முன்னோர் அனந்தவர்ம சோடகங்கன், அவன் தாய் ஒரு சோழ இளவரசி. இதை வைத்து நான் எதையும் நிறுவ வரவில்லை, ஆனால் நினைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது.)

தலபுராணமும் தேரை விடவில்லை. இந்திரன் இந்தக் கோயிலையே தேராக்கி இழுத்துக்கொண்டு போகப் பார்த்தானாம், பிள்ளையார் கால் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்த, சக்கரம் பூமியில் புதைந்துவிட்டதாம். ஆரவார விநாயகர் என்று அவருக்குப் பெயர்.

நீங்கள் போனது பிரதோஷ நாளாக இருக்காது என்று நினைக்கிறேன், இருந்திருந்தால் கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். ரிஷப தாண்டவ மூர்த்தி என்று ஒரு செப்புத் திருமேனி அங்கே உண்டு, பிரதோஷத்தன்றுதான் வெளியே எடுப்பார்கள். நம் நடராஜர் முயலகன் மேல் ஆடுகிறார். இவர் பத்துக் கைகளோடு நந்தியின் முதுகில் ஆடுகிறார், நந்தி தலையைத் தூக்கி அவரையே பார்க்கிறது. இது சோழர் வார்ப்பே இல்லை, வங்காளத்தை ஆண்ட பாலர் வம்சத்துப் பாணி. ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்போடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

அடுத்த முறை பிரதோஷம் பார்த்துக் கிளம்புங்கள், காலையிலேயே. காட்டுமன்னார்கோயிலில் இறங்கி முதலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலைப் பார்த்துவிடுங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பற்றிய ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் கடம்பூர் வந்தால் வெயில் சாய்ந்திருக்கும், பிரதோஷ பூஜைக்கும் நேரம் சரியாக இருக்கும். ஒரு வேண்டுகோள்: எந்தக் கோயிலானாலும் சிற்பங்கள் மேல் எண்ணெய் தடவுவது, சக்கரத்தடியில் விளக்கேற்றுவது, குங்குமம் அப்புவது இதெல்லாம் வேண்டாம். கூட வருகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.