புது லேப்டாப் வந்திருக்கிறது, சேமிப்பில் கை வைக்கலாமா?

கேள்வி: மாதச் சம்பளத்தில் இருக்கிறேன். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் வீடியோ எடிட்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது. என் லேப்டாப் வாங்கி நான்கு வருடம் ஆகிறது, 4கே வீடியோவைத் திறந்தாலே திணறுகிறது. போன வாரம் வெளிவந்த ஒரு பிரீமியம் லேப்டாப் மேல் கண் இருக்கிறது. அதன் அடிப்படை மாடல் விலை எங்கள் வீட்டின் மூன்று மாதச் செலவுக்குச் சமம். அவசரத் தேவைக்கென்று ஐந்து மாதச் செலவுக்கான தொகை வைத்திருக்கிறேன். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு, 12 மாத வட்டியில்லாத் தவணையும் உண்டு. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஒன்பது மாதம் கழித்து வாங்குங்கள், அதுவும் எடிட்டிங் வேலையில் வரும் பணத்தில். ஒரே ஒரு சூழ்நிலையில் இந்தப் பதில் மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மொத்தமாகக் கட்டினால் ஐந்து மாதக் கையிருப்பு இரண்டு மாதமாகச் சுருங்கிவிடும். சம்பளம் நின்றுபோனால் அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாதம் போதும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த நெருக்கடியில் லேப்டாப்பை விற்கப் போனால் கொடுத்த விலை திரும்ப வராது. தவணையில் வாங்கினால் நிதி அப்படியே இருக்கும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று மாதச் செலவை 12ஆகப் பிரித்தால், மாதச் செலவு கால் பங்கு கூடுகிறது. இதுவரை ஐந்து மாதம் தாங்கிய அதே தொகை இனி நான்கு மாதம்தான் தாங்கும். ஒரு ரூபாயோ டாலரோ எடுக்காமலேயே அவசரகால நிதி ஒரு மாதம் குறைந்துவிடுகிறது.

இன்னொன்று. உங்கள் மொத்த வருமானம் செலவைவிடக் கால் பங்கு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எடிட்டிங்கில் வருவதும் மாதச் செலவில் கால் பங்குதான், தவணையும் அதே கால் பங்கு. ஒரு வருடம் முழுக்க ஓய்வு நேரத்தில் உழைத்ததெல்லாம் லேப்டாப்புக்கே போய்விடும். சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய கருவி ஒரு வருட உழைப்பைத் தானே எடுத்துக்கொள்வது நல்ல முதலீடு ஆகாது.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரை அப்படியே நம்ப வேண்டாம். லேப்டாப்பின் விலை 100, மொத்தமாகக் கட்டுபவருக்கு 6 தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கொடுப்பது 94. நீங்கள் மாதம் 8.33 வீதம் 12 மாதத்தில் 100 கட்டுகிறீர்கள். 6 சதவீதம்தானே என்று நினைப்பது தவறு. முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், வருடம் முழுவதும் உங்களிடம் இருக்கும் கடன் சராசரியாகப் பாதித் தொகைதான். அதன்படி பார்த்தால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 11.5 சதவீதம். தொடக்கத்திலேயே 1 என்று கையாளும் கட்டணம் பிடித்தால் 13.5 சதவீதத்தைத் தாண்டும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இன்றே முழுத்தொகையும் கட்டினால் கடைசி விலை என்ன?” அந்த விலையும் தவணைகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருந்து, கட்டணமும் இல்லை என்றால் மட்டுமே வட்டி இல்லை என்று பொருள்.

பணத்தைவிட முக்கியமான கேள்வி, பழைய லேப்டாப் ஏன் திணறுகிறது என்பது. இதைக் கண்டுபிடிக்காமல் வாங்கினால் புதிதிலும் அதே தொல்லை வரலாம். வழக்கமாகச் செய்யும் ஒரு புராஜெக்டைத் திறந்து, விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியையும், மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பகுதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வேலை செய்யுங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றாலோ, மேக்கில் மெமரி பிரஷர் கோடு மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறினாலோ, ரேம் (வேலை நடக்கும்போது தரவுகளை வைத்திருக்கும் மெமரி) போதவில்லை. இடம் இல்லாததை எல்லாம் கணினி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவில் எழுதி எழுதி எடுக்கிறது, அதுதான் அந்தத் தாமதம். எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தாலும் வேகம் விழும், 15 முதல் 20 சதவீதம் இடம் காலியாக இருக்கட்டும். தொடக்கத்தில் நன்றாக ஓடி, பத்து நிமிடத்தில் ஃபேன் இரைந்து வேகம் குறைகிறது என்றால் சூடு காரணம். உள்ளே தூசி அடைத்திருக்கும், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும்.

மெமரியும் சூடும் சரியாக இருந்து, வீடியோவை முன்னும் பின்னும் இழுக்கும்போது மட்டும் சிக்கினால், கேமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்று பாருங்கள். இப்போதைய கேமராக்கள் பலவும் எச்.265 10-பிட் 4:2:2 என்ற, நிற விவரம் அதிகமாகவும் இறுக்கமாகச் சுருக்கியும் இருக்கும் வடிவத்தில் கொடுக்கின்றன. இதை விரிக்கத் தனி வன்பொருள் வேண்டும். இன்டெல்லில் 11ஆம் தலைமுறை லேப்டாப் சிப்களிலிருந்தும், ஆப்பிளில் எம்1லிருந்தும் அது இருக்கிறது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தும் இந்த ஒரு வடிவத்தில் தடுமாறும் லேப்டாப்கள் உண்டு. இதற்குச் செலவில்லாத வைத்தியம் பிராக்ஸி. மூலக் கோப்புகளுக்கு 1080பி அல்லது 720பி அளவில் புரோரெஸ் பிராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போன்ற எளிய வடிவத்தில் நகல் எடுத்து அதில் எடிட் செய்து, ஏற்றுமதியின்போது மட்டும் மூலத்துக்கு மாறுவது. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ, ஃபைனல் கட் புரோ என்ற மூன்று எடிட்டிங் மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு. நகல் தயாராக இரவெல்லாம் ஓடட்டும், காலையில் டைம்லைன் தடையில்லாமல் நகரும். அதைச் செய்துபார்த்த பிறகும் புது லேப்டாப் அவசியம் என்று தோன்றுகிறதா என்று உங்களையே கேளுங்கள்.

பழையதில் ரேம் மாற்ற முடியும் என்றால் மாற்றுங்கள், சுத்தம் செய்து பேஸ்ட் போடுங்கள், பேட்டரி தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள். எல்லாம் சேர்ந்து புது லேப்டாப் விலையில் பத்தில் ஒன்றுக்குள் முடிந்தால் தயங்காமல் செய்யலாம். ஐந்தில் ஒன்றைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள், அந்தப் பணம் புதிதுக்குப் போவதே மேல். பேட்டரி உப்பியிருந்தால் (டச்பேட் மேலே தூக்கியிருக்கும், மூடி சரியாக மூடாது) கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். உடனே நிறுத்தி மாற்றுங்கள், அது தீப்பிடிக்கும் ஆபத்து.

இனி விலையை வேறு விதமாகப் பார்ப்போம். ஒரு லேப்டாப்பின் உண்மையான செலவு, வாங்கிய விலையில் விற்கும் விலையைக் கழித்து, வைத்திருந்த மாதங்களால் வகுத்தால் வருவது. கீழே உள்ள மறுவிற்பனை எண்கள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் மாடலுக்கான விலையைப் பழைய லேப்டாப் விற்பனைத் தளங்களில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்படை மாடலை 100க்கு வாங்கி, மெமரி போதாமல் மூன்று வருடத்தில் 35க்கு விற்றால் மாதம் 1.81. அதையே கூடுதல் மெமரியோடு 120க்கு வாங்கி, நடுவில் 6 கொடுத்து பேட்டரி மாற்றி, ஆறு வருடம் ஓட்டி 15க்கு விற்றால் மாதம் 1.54. கடையில் 20 அதிகம் கொடுத்தது முடிவில் மலிவு. விலை உயர்ந்த லேப்டாப் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. குறைந்த மெமரி மாடலை வெளியான வாரத்தில் முழு விலைக்கு வாங்கி, மூன்று வருடத்தில் கைமாற்றுவதுதான் பணம் கரையும் வழி.

பிரீமியம் மெலிந்த லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிள் எம் வரிசையிலும், 2024இல் வந்த இன்டெல் லூனார் லேக் சிப்பிலும் மெமரி, பிராசஸரோடு ஒரே பேக்கேஜில் இருக்கிறது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி வாங்குங்கள். 16 ஜிபி இன்று ஓடும், ஆறு வருடம் ஓடாது. எஸ்எஸ்டியில் அந்த அளவு தாராளம் வேண்டாம். 1 டிபி போதும், முடிந்த வேலைகளை வெளி டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அடிப்படை அளவை மட்டும் தவிர்க்கப் பாருங்கள்: 2022இல் வந்த எம்2 மேக்புக் ஏர் 256 ஜிபி மாடலில் இரண்டு நினைவகச் சிப்புக்குப் பதில் ஒன்றே இருந்ததால், எஸ்எஸ்டி வேகம் முந்தைய எம்1 மாடலைவிடக் குறைந்தது. இப்படிப்பட்ட குறை சோதித்துப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிய வரும்.

வெளியான வாரத்தில் வாங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த பட்டர்ஃபிளை கீபோர்டு, தூசி புகுந்து எழுத்து விழாமலும் இரண்டு முறை விழுந்தும் தொல்லை கொடுத்தது. இலவசப் பழுது திட்டம் 2018இல்தான் வந்தது. 2024இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு வந்த விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் அசத்தின, ஆனால் சில மென்பொருள்களும் பழைய கருவிகளின் டிரைவர்களும் அவற்றில் ஓடவில்லை. நீங்கள் பயன்படுத்தும் பிளக்-இன், ஆடியோ இன்டர்ஃபேஸ், கலர் கருவி எல்லாவற்றின் பெயரையும் எழுதி, அவற்றைத் தயாரிப்பவர்களின் தளத்தில் அந்தச் சிப்புக்கு ஆதரவு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விமர்சனங்களில் சில நிமிட வேகச் சோதனைகளைத் தள்ளிவிட்டு, அரை மணி நேர ஏற்றுமதிச் சோதனையைத் தேடுங்கள். ஃபேன் இல்லாத மெல்லிய மாடல்கள் அங்கேதான் சரியும்.

ஆகவே திட்டம் இது. எடிட்டிங் வருமானத்தைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மேலே போட்ட கணக்குப்படி ஒன்பது மாதத்தில் இன்றைய விலையில் முக்கால் பங்கு சேர்ந்திருக்கும். பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாடலைப் புதுப்பிப்பதால், இன்று புதிதாகத் தெரிவது அப்போது பழைய மாடல் ஆகும் கட்டத்தில் இருக்கும். தள்ளுபடியும், தயாரிப்பாளரே சரிபார்த்து வாரண்டியோடு விற்கும் ரீஃபர்பிஷ்டு பிரதிகளும் அந்த நேரத்தில்தான் கிடைக்கும். பழைய லேப்டாப்பை விற்று வரும் தொகையையும், தள்ளுபடியில் மிச்சமாவதையும் 32 ஜிபிக்குப் போடுங்கள். ஹப் (கூடுதல் போர்ட் தரும் சாதனம்), வெளி டிரைவ், பேக்கப்புக்கு விலையில் பத்தில் ஒன்றைத் தனியே ஒதுக்க மறக்க வேண்டாம். பலரும் இதை விட்டுவிட்டுக் கடைசியில் கடன் அட்டையைத் தேய்க்கிறார்கள்.

பதில் மாறும் சூழ்நிலை: கடந்த மூன்று மாதத்தில் லேப்டாப்பால் முடியாது என்பதற்காகவே திருப்பி அனுப்பிய வேலைகளின் கூலியைக் கூட்டுங்கள். விருப்பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கேட்ட வாடிக்கையாளரும் சொன்ன தொகையும் இருக்க வேண்டும். அது மூன்று தவணைக்கு மேல் வந்தால், பிராக்ஸியும் உதவவில்லை என்றால், இப்போதே போன வருட மாடலை 32 ஜிபியோடு வாங்குங்கள். அப்போதும் அவசரகால நிதியை எடுக்க வேண்டாம், தவணையே பரவாயில்லை. ஏற்றுமதி நேரம் குறைவதை மட்டும் வருமானமாக எண்ணாதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டோ வேறு வேலையிலோ இருந்தால், ஒரு காசும் கூடுதலாக வருவதில்லை.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். எல்லா போர்ட்டிலும் சார்ஜர், டிரைவ், மானிட்டரைச் செருகிப் பாருங்கள். திரையில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு படங்களை வைத்துப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும் ஒரே வீடியோவை ஏற்றுமதி செய்து நேரத்தை ஒப்பிடுங்கள். ரீஃபர்பிஷ்டு என்றால் பேட்டரியின் முழுச் சார்ஜ் அளவு அதன் வடிவமைப்பு அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மதர்போர்டில் பல பாகங்கள் பற்றவைக்கப்பட்டிருப்பதால் தண்ணீர் கொட்டினால் பழுதுச் செலவு பாதி விலையை எட்டக்கூடும். வெளியே எடுத்துப் போய் வேலை செய்பவர் என்றால் விபத்துப் பாதுகாப்புத் திட்டம் எடுங்கள், மேசையை விட்டு நகராதவர் என்றால் தேவையில்லை.

பழையதை விற்கும் முன் முழு பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்று புது லேப்டாப்பில் சரிபாருங்கள். எடிட்டிங் மென்பொருளின் உரிமத்தைப் பழையதில் டீஆக்டிவேட் செய்யுங்கள், இல்லாவிட்டால் புதியதில் இடம் இல்லை என்று சொல்லும். மேக் என்றால், தொலைந்த கருவியைக் கண்டுபிடித்துப் பூட்டும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து ஐகிளவுடிலிருந்து வெளியேறிய பிறகே அழியுங்கள், மறந்தால் வாங்கியவரால் திறக்கவே முடியாது. விண்டோஸ் என்றால் ரீசெட் செய்யும்போது டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வை ஆன் செய்யுங்கள். வாடிக்கையாளர்களின் காட்சிகள் அதில் இருக்கின்றன.