தாத்தாவின் இரட்டைக்குழல் சிங்கப்பூருக்கு வரலாமா?

கேள்வி: ஜூரோங் ஈஸ்டில் இருக்கிறேன், வயது 54. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில், பெரியப்பா வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. குதிரை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தி, இரண்டும் வெளியே தெரியும் பழைய ரகம். குழல் மேல் 'லண்டன்' என்று பொறித்திருக்கும். பெரியப்பா போன மாதம் தவறிவிட்டார். "நீயே எடுத்துக்கோண்ணே" என்கிறான் அவர் மகன். அதைக் கொண்டுவந்து ஹாலில் மாட்டிவிட்டு, இதே ரகத்தில் இன்னும் சில வாங்கிச் சேர்க்க ஆசை. அமெரிக்காவில் சாதாரணமாக வாங்குகிறார்களே! அது வீட்டுக்குள் வந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாள் மனைவி. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி. அவர் அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்பே உங்களைச் சாங்கி விமான நிலையத்திலிருந்து வேறெங்காவது கூட்டிப்போயிருப்பார்கள்.

அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் 1898 வரை செய்த துப்பாக்கிகளைப் பழம்பொருளாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிங்கப்பூரில் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பிரம்படி கிடையாது என்று நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம், அதற்குப் பதிலாகச் சிறைக்காலத்தைக் கூட்டலாம். கைத்துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரையே உள்ளே விடாத ஊர் இது. பழசு, சுடாது, அழகுக்குத்தான் என்பதையெல்லாம் நீங்களாக முடிவு செய்துகொண்டு பெட்டியில் வைக்காதீர்கள். காலித் தோட்டாகூட வேண்டாம்.

அந்தப் பக்கமும் கதவு சாத்தித்தான் இருக்கிறது. நூறு வயது கடந்த கைவினைப் பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. அதைவிட அவசரமான விஷயம், பெரியப்பாவின் லைசென்ஸ் அவர் பெயருக்குக் கொடுத்தது. அவர் போன பிறகு துப்பாக்கி பீரோவில் கிடப்பது உங்கள் தம்பிக்குத்தான் வில்லங்கம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ உடனே ஒப்படைக்கச் சொல்லுங்கள். வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் கேட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, பரம்பரைச் சொத்தானாலும் அதே கணக்குதான்.

சரி, சட்டம் போதும். உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. 1875-இல் ஆன்சன், டீலி என்ற இரண்டு ஆங்கிலத் துப்பாக்கி வல்லுநர்கள் குதிரையை உள்ளே மறைத்த துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கடைசிவரை வெளிக்குதிரை வைத்த பர்டி கம்பெனித் துப்பாக்கியைத்தான் தோளில் வைத்தார். மன்னருக்கே விட மனசில்லாத பொருள்!

உங்கள் தாத்தாவுடையது எந்த ஊர்ச் சரக்கு என்பதை 'லண்டன்' என்ற எழுத்தை வைத்து நம்பிவிடாதீர்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் செய்து, ஆங்கிலப் பெயர் பொறித்து விற்றவை ஏராளம். 'வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்' என்ற நல்ல பெயருக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வெறும் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று போட்டு ஆளை ஏமாற்றியதும் உண்டு. உண்மை குழலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. குழலைக் கழற்றித் திருப்பினால், தோட்டா போடும் முனைக்குக் கீழே தட்டையான பகுதியில், குழல் வெடியைத் தாங்குகிறதா என்று பார்த்துப் பொறித்த சோதனை முத்திரைகள் தெரியும். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்றெழுத்து இருந்தால் லியேஜ். கிரீடத்தோடு குறுக்காக வைத்த இரண்டு செங்கோல் என்றால் 1904-க்கு முந்தைய பர்மிங்காம். 'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டு போடக் கூடாது) என்று பொறித்த ஆங்கிலத் துப்பாக்கி 1875-க்கும் 1887-க்கும் இடையில் சோதனைக்குப் போனது. கல்கத்தா மேன்டன் கடை, ரோடா கடை பெயர் இருந்தாலும் நல்லதுதான். 1914-இல் வங்கப் புரட்சிக்காரர்கள் மவுசர் கைத்துப்பாக்கிகளைக் கடத்தியது அந்த ரோடா கம்பெனிச் சரக்கிலிருந்துதான்.

குழல் மேல் பத்தமடைப் பாய் மாதிரி நுணுக்கமான வரிகள் ஓடுகின்றனவா? அப்படியானால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பையும் எஃகையும் அடுக்கி, காய்ச்சி, முறுக்கி, அந்தப் பட்டையை ஒரு தண்டின் மேல் சுற்றி அடித்து ஒட்டவைத்த வேலை அது. சாதாரண எஃகுக் குழலில் இந்த வரியை வெறும் மேல்பூச்சாக ஏற்றிய போலிகளும் உண்டு, ஆகவே அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே வரி இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். அசலோ போலியோ, இந்தக் காலத் தோட்டாவை அதில் போட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள். பழைய காலத்துக் கருமருந்துக்காகச் சோதித்த குழல், இந்தக் காலத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தின் அழுத்தத்தில் வெடித்துவிடலாம். குழலில் தோட்டா உட்காரும் அறை பழையதில் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் நீளம், இப்போதைய தோட்டா 70. உள்ளே போகும், ஆனால் வெடித்து விரிய இடமிருக்காது.

சேர்க்கும் ஆசைக்கு என் யோசனை: காகிதமாகச் சேருங்கள். பழைய கம்பெனி விலைப்பட்டியல்கள், விளம்பரத் தாள்கள், துப்பாக்கியோடு நிற்கும் வேட்டைப் படங்கள் என்று நிறைய இருக்கின்றன, விலையும் துப்பாக்கி அளவுக்குப் போகாது. துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ.டபிள்யூ. கிரீனர் 1881-இல் வெளியிட்ட 'தி கன் அண்ட் இட்ஸ் டெவலப்மென்ட்' நூலில் தொடங்கலாம். தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களில் இந்த ஊர் வேட்டைச் செய்திகளைத் தேடுங்கள். 1902-இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் புலியைச் சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது ரைஃபிள், நம்ம ரகமில்லை. தோளில் வைத்துச் சுட்டுப் பார்க்கவும் ஆசையென்றால், பழைய சுவா சூ காங் சாலையில் களிமண் தட்டு சுடும் கிளப் இருக்கிறது. முறைப்படி சேர்ந்து அவர்கள் துப்பாக்கியில் பழகலாம்.

துப்பாக்கி கடைக்குப் போனதும், கடைக்காரரை விட்டே குழலைக் கழற்றி எண்ணெய் துடைத்து, அடிப்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் நான்கைந்து படம் எடுத்து வாங்கச் சொல்லுங்கள். குதிரை பொருத்தியிருக்கும் பக்கவாட்டுப் பூட்டுத் தகட்டையும், குதிரை படுத்திருக்கும் நிலையையும் தனியாக எடுக்க வேண்டும். படங்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.