பாடப்புத்தகப் படங்களை விட்டுவிட்டு, தெருவில் எடுத்த போட்டோக்களை வைத்துத் தமிழ் இலக்கணம் நடத்தலாமா?

கடைப் பலகை, சுவர் விளம்பரம், பொட்டலம் மடித்த தாள் இவற்றையெல்லாம் போட்டோ எடுத்து வகுப்பில் காட்டினால் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஏறுமா, இல்லை நேரம்தான் வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே "சிலபஸ் முடியுமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதிலேயே தெரிகிறது, வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும், தலைமையாசிரியர் ஏதோ சொல்லியிருக்கிறார். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. 19 வருடம் ஆகிறது. தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் காட்டுவதற்கு முன்னால் படத்தின் நாலு மூலையையும் பார்த்துவிடுங்கள். மூலை ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளும்.

எனக்கு இது ஆரம்பித்தது குற்றியலுகரத்தில், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரத்தில். ஏழாம் வகுப்பு. நெடில்தொடர், உயிர்த்தொடர் என்று வகை வகையாகச் சொல்லி முடித்தபோது பாதி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. மறுநாள் காலை பள்ளிக்கு வரும் வழியில் ஒரு மதிலைப் போட்டோ எடுத்தேன். "சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்." எல்லா ஊரிலும் இருப்பதுதான். செல்போனை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் காட்டி, இதில் என்ன தப்பு என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் எழுதினேன்: ஆறு, ஆற்றில். கிணறு, கிணற்றில். வயிறு, வயிற்றில். சுவர்? ஒரு பெண் மெதுவாக, "தமிழம்மா, அது சுவறு இல்லல்ல, சுவர்தான?" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். 'று' என்று முடிகிற சொல்லில்தான் ற் இரட்டிக்கும். சுவர் 'ர்' என்ற மெய்யில் முடிகிறது, ஆகவே சுவரில். முதல் நாள் முக்கால் மணி நேரம் நான் தொண்டை கிழியக் கத்தியது அந்த ஒரு போட்டோவில் ஏறிவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் ஊர்ச் சுவர்களை வாசித்துக்கொண்டே திரிந்தார்கள். ஒருவன் செக்குக் கடைப் பலகையில் இருந்த "நல்லெண்ணை"யை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். எள்ளின் நெய்தான் எண்ணெய், அதனால் கடைசியில் ய் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். உடனே அவன் கேட்டான்: "அப்ப தேங்கா எண்ணெய்ல எள்ளு எங்க இருந்து வந்துச்சு?" நல்ல கேள்வி. எண்ணெய் என்பது எள்ளின் நெய்க்கான பெயராக இருந்து, பிறகு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயரான கதையை அன்றைக்குச் சொன்னேன். அது எந்தப் பாடத்திலும் இல்லை. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை.

எங்களிடம் அப்போது புரொஜெக்டர் கிடையாது. ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, கல்யாணத்துக்கு இலவசமாகக் கொடுப்பார்களே பிளாஸ்டிக் உறை ஆல்பம், அதில் செருகி வைத்தேன். பஸ் நிறுத்தப் பலகை, சலூன், பஞ்சர் கடை, கோயில் திருவிழா நோட்டீஸ், "தோற்றம், மறைவு" போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாள் என்று அறுபது எழுபது படம் சேர்ந்தது. எதிர்ச்சொல் நடத்த அஞ்சலி போஸ்டரை எடுத்தது கொஞ்சம் அபசகுனம் என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். ஆனால் தோற்றம், மறைவு என்ற ஜோடியை என் பிள்ளைகள் யாரும் மறந்ததில்லை.

இந்த இடத்தில் சிலர் வருவீர்கள், தெரியும். "ஏழைக் கடைக்காரன் பலகையில் பிழை கண்டுபிடித்துச் சிரிப்பதுதான் தமிழாசிரியர் வேலையா?" அதைத்தான் சொல்ல வருகிறேன், பொறுங்கள். "முதலில் உங்கள் பதிலில் ஒற்றுப்பிழையைப் பாருங்கள்" என்றும் வருவீர்கள். இருக்கும், சொல்லுங்கள், திருத்துகிறேன். வாழ்த்துகளா வாழ்த்துக்களா சண்டைக்கு மட்டும் என்னை இழுக்காதீர்கள்.

இப்போது மூலைக்கு வருகிறேன். ர, ற வேறுபாடு நடத்த ஒரு கோழிக்கடைப் பலகை கிடைத்தது. மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து: "கரிக்கோழி." இதைவிட என்ன வேண்டும்? கறி என்றால் இறைச்சி, கரி என்றால் அடுப்புக்கரி. எட்டாம் வகுப்பில் ஆல்பத்தைச் சுற்றுக்கு விட்டேன். "கருகுன கோழியா தமிழம்மா?" என்று ஒருவன் ஆரம்பித்தான், வகுப்பே உருண்டது. நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலாவது பெஞ்சில் ஒரு பையன், படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி இன்னொருவனிடம் சொன்னான்: "ஏலே, இது உங்கப்பா போர்டுலே."

பலகையின் வலது கீழ் மூலையில், சின்ன எழுத்தில், ஒரு பெயரும் "ஆர்ட்ஸ்" என்றும் இருந்தது. கையால் எழுதுகிற ஓவியர்கள் எல்லோரும் அப்படிப் போடுவார்கள். எத்தனையோ தடவை பார்த்த படம், அந்த மூலையை நான் பார்த்ததே இல்லை. என் கண் நேராக ரகரத்துக்குப் போய் நின்றுவிட்டது.

அந்த ஓவியரின் மகன் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை ஒரே பக்கத்தைப் பார்த்தான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது எதுவும் உதவவில்லை, ஏனென்றால் அவன் அப்பா என்னை உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு, "அந்தப் படத்தக் காட்டுங்க டீச்சர்" என்றார். ஆல்பத்தைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். கோபமாகத்தான் இருப்பார் என்று நினைத்தால், "நாலடித் தகரம் டீச்சர். பெரிய ற போட்டா எடம் எங்க பத்தும்?" என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு விரலால் தரையில் எழுதிக் காட்டினார். ர ஒரு கால் அகலம். ற-வுக்கு ரெண்டு வளைவு, கிட்டத்தட்ட இரட்டை இடம் தின்னும். கோழி என்பதில் ழி ஏற்கெனவே இடத்தை அடைத்துக்கொள்கிறது. கடைக்காரருக்குக் கோழிப் படமும் வேண்டும். "சின்ன ர போட்டதால கோழி வாங்க வந்தவன் எவனாச்சும் திரும்பிப் போனானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு ர, ற தெரியாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். (இல்லை, மகன் முன்னால் சமாளித்தாரா? இன்றைக்கும் எனக்கு அதில் பாதிச் சந்தேகம் உண்டு. ஆனால் ற அகலம் என்பது உண்மை. நீங்களே எழுதிப் பாருங்கள்.)

புள்ளி விட்டுப்போவதற்கும் காரணம் வைத்திருந்தார். எழுத்தெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் புள்ளி வைப்பாராம். அதற்குள் வெயில் ஏறிவிட்டால் ரெண்டு விட்டுப்போகும். நான் வருடக்கணக்காக மெய்யெழுத்துத் தெரியாத ஜனங்கள் என்று திட்டிக்கொண்டிருந்தது வெயிலை.

அதற்கப்புறம் ஆல்பத்தை முதலிலிருந்து புரட்டினார். நான் பிழை பார்த்த படங்களில் அவர் கையைப் பார்த்தார். "இவன் எழுத்து சாயும், ஏணில நின்னு எழுதுறவன்." "இது பிரஷ் இல்ல, தகட்டுல வெட்டி ஸ்ப்ரே அடிச்சது." ஒரு பழைய மளிகைக்கடைப் பலகையில் நிறுத்தி, லை-யைத் தடவினார். தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி மேலே வளையும் பழைய லை. "இது எங்க வாத்தியார் காலத்து எழுத்து" என்றார்.

அந்த லை என் கையில் இருந்தும் நான் நடத்தாமல் விட்ட பாடம். பெரியார் 1935-லேயே தம் குடிஅரசு இதழில் புழங்கத் தொடங்கிய எழுத்துமுறையை, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978 அக்டோபரில்தான் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார எழுத்துகள், ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகள் மாறின. பழைய எழுத்தில் ஒரு பலகை இருந்தால் அதற்கு முந்தியது என்று வகுப்பில் சொல்லலாமே என்றேன். உடனே மறுத்தார். "ஆர்டர் வந்த மறுநாளே கை மாறுமா டீச்சர்? எங்க வாத்தியார் அதுக்கப்புறம் எத்தன வருஷம் அப்படியேதான் எழுதுனார்." நியாயம்தான். இதை நான் எந்தப் பயிற்சி முகாமிலும் கேட்டதில்லை.

பயிற்சி முகாம் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இன்றைக்குப் பள்ளியில் போட்டோ என்றால் பிள்ளைகளுக்குக் காட்டுவது அல்ல, மேலே இருப்பவர்களுக்கு அனுப்புவது. மரக்கன்று நட்டால் போட்டோ. கை கழுவினால் போட்டோ. உறுதிமொழி எடுத்தால் போட்டோ, அதிலும் பேனர் தெரிய வேண்டும், தேதி தெரிய வேண்டும், ஆசிரியர் தெரிய வேண்டும். பாடம் நடத்தும்போது நடுவில் நிறுத்தி, "எல்லாரும் கையத் தூக்குங்க" என்று சொல்லி ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் பாடம் நடந்ததாகக் கணக்கு. குழுவில் ஐம்பது பேர் கட்டைவிரல் உயர்த்துவார்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் எத்தனை பேர் செல்போனில் கிடக்கிறது என்று யாராவது யோசித்தோமா? ஒரு தடவை நான் மட்டும் படம் அனுப்பாமல் விட்டதற்கு வாங்கிய விளக்கக் கடிதம் இன்னும் வைத்திருக்கிறேன். சரி, விடுங்கள்.

பையன் மறுநாள் வந்தான். வகுப்பில் நான் மன்னிப்புக் கேட்டேன். வகுப்புக்கு முன்னால், அவன் பெயரைச் சொல்லாமல், நான் சிரித்தது தப்பு என்று மட்டும் சொன்னேன். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. பிறகு தலைமையாசிரியரிடம் பேசி, வராந்தாவில் திருக்குறள் எழுத அந்தப் பையனுடைய அப்பாவையே கூப்பிட்டோம். பெயிண்டுக்கும் கூலிக்கும் என் கையிலிருந்துதான் கொடுத்தேன். நிதி கேட்டால் அதற்கும் போட்டோ கேட்பார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க எழுதினார். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை ரெண்டு பையன்கள் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்க்கோடு விழுந்தது. பிள்ளைகள் அந்த நூலுக்காகவே அடித்துக்கொண்டார்கள். ஒரு குறளில் ற வந்ததும் பிரஷை நிறுத்தி, மகனைப் பார்த்து, "எந்த ற டே?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். அவன் "பெருசு" என்றான்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சிலபஸ் முடியும். ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு படம், பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகளே கொண்டுவரும் படத்துக்கு முதலிடம் கொடுங்கள். ஆள் முகம் உள்ள படம் வேண்டவே வேண்டாம். மஞ்சள் நீராட்டு விழா பிளக்ஸில் அருமையான பிழைகள் கிடைக்கும், ஆசை வரும். அந்தப் பெண் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பாள். உங்கள் ஊரை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எடுத்த படம் நல்லது. பிழை உள்ள படம் ஒன்று காட்டினால், அழகாக எழுதிய பலகை ஒன்றும் காட்டுங்கள். அதையும் யாரோ ஒருவருடைய அப்பாதான் எழுதியிருப்பார்.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் அப்பா பிரஷைத் தொட்டு நாலு வருடம் ஆகிறது, எல்லாம் பிளக்ஸ். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அதே கோழிக்கடை, புது பிளக்ஸ். கறிக்கோழி என்று ற சரியாகத்தான் போட்டிருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் எழுத்துரு மாற்றும்போது ஏதோ உடைந்து, கோ-வின் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், க நடுவில் அனாதையாக நின்றது. கீழே எழுதியிருந்தான்: "தமிழம்மா, கம்ப்யூட்டர் உரிச்ச கோழி. இதுக்கு எங்கப்பா தேவல."

பிளக்ஸின் மூலையில் பிரிண்டிங் கடையின் பெயரும் செல் நம்பரும் இருந்தன. அதை வெட்டிவிட்டுத்தான் பிரிண்ட் போடக் கொடுத்தேன்.