மருந்தால் மூளை மந்தமாகிறதா? நரம்பியல் உளவியலாளரிடம் கேள்வி பதில்

கேள்வி: கணக்காளராக இருக்கிறேன். வலிப்புக்கு லெவெடிராசெட்டம் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து ஞாபகசக்தியே போய்விட்டது. நினைவு, கவனம் போன்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கும் மோக்கா (MoCA) சோதனையில் 30-க்கு 28 வந்தது. "நன்றாகத்தான் இருக்கிறீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாம் என் பிரமையா மேடம்?

பதில்: பிரமை இல்லை. அந்தச் சோதனையில் 26 எடுத்தாலே இயல்பு என்று கொள்வார்கள். தொடக்கநிலை மறதிநோய் போன்றவற்றைச் சலித்தெடுக்கத்தான் அது உருவானது. நாள் முழுக்க எண்களோடு புழங்குபவரின் சிறு சறுக்கல் அதில் சிக்காது. ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "மறதி அதிகமாகிவிட்டது" என்ற புகார், நினைவாற்றல் சோதனை மதிப்பெண்ணைவிட மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடுதான் நெருங்கிப் போகிறது. வலிப்பு நோயாளிகளிடம் இது திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம். லெவெடிராசெட்டம் பொதுவாக நினைவாற்றலை அதிகம் தொடுவதில்லை. சிலருக்கு எரிச்சலும் மனவாட்டமும் தரும். வீட்டில் சள்ளென்று விழுகிறீர்களா, தூக்கம் எப்படி என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். விரிவான சோதனையும் கேளுங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். ஒற்றைத் தலைவலிக்கு டோபிராமேட் கொடுத்தார்கள். பாடம் நடத்தும்போது தெரிந்த சொல்லே வாயில் வரவில்லை.

பதில்: உங்கள் கணிப்பு சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த மருந்தின் பேர்போன பக்கவிளைவு இது. சோதனை அறையில், ஒரு நிமிடத்துக்குள் 'க' எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்வேன். கல், கடல், கதவு, கத்தி என்று மளமளவென வரும். பிறகு சட்டென்று நின்றுவிடும். மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், சிலருக்கு இந்தச் சரிவு தெரிவதே இல்லை. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்புக்காகச் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம்.

கேள்வி: என் தம்பி வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறான். நான்கு நாட்களாக ஒரே தூக்கம், வாந்தி, பேச்சில் குழப்பம். அவன் "சோர்வுதான் அக்கா" என்கிறான்.

பதில்: இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த மருந்தால் ரத்தத்தில் அம்மோனியா ஏறியிருக்கலாம். குழம்பியிருப்பவரின் சொல்லை இதில் நம்ப முடியாது.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா கணக்கைத் தப்புத் தப்பாகப் போடுகிறார். "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று சண்டைக்கு வருகிறார். வீம்பா?

பதில்: வீம்பாகத் தெரியும். ஆனால் குறையை உணர வேண்டிய பகுதியே அடிபட்டால் குறை தெரியாது. 1914-இல் பாரிஸ் மருத்துவர் பபின்ஸ்கி இதற்கு 'அனோசோக்னோசியா' என்று பெயர் வைத்தார். இடது கை செயலிழந்தும் அதை உணராத நோயாளிகளை அவர் விவரித்தார். மூளையின் வலப்பக்கப் பாதிப்பில் இது அதிகம். வாதாடிப் பயனில்லை. மளிகைச் சீட்டைக் கொடுத்து அவரையே கூட்டச் சொல்லிவிட்டு, கால்குலேட்டரை நீட்டுங்கள். வங்கி வேலைக்கு இப்போதைக்கு இன்னொருவர் கூடப் போகட்டும்.

கேள்வி: செல்போனில் மூளை விளையாட்டு ஆடுகிறேன். மதிப்பெண் ஏறுகிறது. தேறிவிட்டேனா?

பதில்: அந்த விளையாட்டில் தேறிவிட்டீர்கள்.

கேள்வி: மருத்துவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

பதில்: "மறதி" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் மந்தமாகிறது, மாலையில் தெளிகிறது" என்றால் அவருக்குப் பிடி கிடைக்கும். கூடவே வீட்டில் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களிடம், அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைவிட வீட்டார் சொல்வதே சோதனையோடு கூடுதலாகப் பொருந்துகிறது. மனைவி சொல்லும்போது மட்டும் இடைமறிக்காதீர்கள்.