ஸ்டெம் செல் ஊசி போட்டா ஆட்டிசம் சரியாகுமா?

4 வயசுப் பையன், ஆட்டிசம், ஒரு கிளினிக்ல ஸ்டெம் செல் (உடம்புல வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) ஊசிக்கு லட்சக்கணக்குல கேக்குறாங்க, நகைய அடகு வச்சாவது போடலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், இதே கேள்வியோட வர்ற பெத்தவங்கள நிறைய பாத்திருக்கேன். வேணாம்ங்க.

"ஊசி போட்டப்புறம் எங்க பையன் முகத்தப் பாக்குறான்"னு சொல்றவங்க பொய் சொல்லல. ஆனா செக்ரெட்டின் கதையக் கேளுங்க. கணையத்த டெஸ்ட் பண்ண ஊசில ஏத்துற ஹார்மோன் அது. அதப் போட்ட மூணு ஆட்டிசக் குழந்தைங்க நல்லா முன்னேறிட்டாங்கன்னு 1998ல அமெரிக்கால ரிப்போர்ட் வந்துச்சு, டிவிலயும் காட்டிட்டாங்க, அவ்ளோதான், பெத்தவங்க அந்த ஊசிக்கு அலைய ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த வருஷமே 60 குழந்தைங்கள வச்சு ஒழுங்கா சோதிச்சாங்க, பாதி பேருக்கு செக்ரெட்டின், மீதி பேருக்கு வெறும் சலைன், யாருக்கு எதுன்னு பெத்தவங்களுக்கே தெரியாது. நாலு வாரத்துல ரெண்டு குரூப்புமே முன்னேறியிருந்துச்சு, ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல! குழந்தை எப்படியும் வளருது, நாமளும் ஊசி போட்ட நாள்லேந்து ஒவ்வொன்னையும் உத்து உத்துப் பாக்குறோம். இதுல கொடுமை என்னன்னா, ரிசல்ட்டச் சொன்னப்புறமும் 69 சதவீதம் பெத்தவங்களுக்கு அந்த ஊசி மேல ஆர்வம் போகல. அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

ஸ்டெம் செல்லும் கிட்டத்தட்ட அதே ரூட்தான். அமெரிக்கால டியூக் யூனிவர்சிட்டி 180 குழந்தைங்கள வச்சு, ஸ்டெம் செல் இருக்குற தொப்புள்கொடி ரத்தத்த ஏத்திப் பாத்த சோதனை 2020ல வந்துச்சு, முக்கியமா எதிர்பார்த்த மாற்றம், அதாவது மத்தவங்களோட பழகுறது, போலி ஊசி போட்டவங்கள விட கூடல. இங்கயும் 2022ல தேசிய மருத்துவ ஆணையத்தோட நெறிமுறை வாரியம் ஆட்டிசத்துக்கு இத சிகிச்சையா பரிந்துரைக்கலன்னு சொல்லிடுச்சு.

அப்ப என்ன பண்றதுன்னா, கோவாலயும் பாகிஸ்தான் ராவல்பிண்டிலயும் 65 குழந்தைங்கள வச்சு பாஸ்னு ஒரு சோதனை பண்ணாங்க, ஸ்பெஷலிஸ்ட் இல்லாத சாதாரண ஹெல்த் ஒர்க்கர்களுக்கு ட்ரெயினிங் குடுத்து. அம்மா குழந்தையோட விளையாடுறத வீடியோ எடுத்து அவங்களுக்கே போட்டுக் காட்டுவாங்க. நம்ம வீடுகள்ல என்ன நடக்கும், பையன் கார் சக்கரத்த சுத்திட்டு இருப்பான், அம்மா "இது என்ன கலர், சொல்லு சொல்லு"ன்னு விடாம கேப்பாங்க, அவன் திரும்பிக்குவான். அத விட்டுட்டு அவன் பாக்குறதையே நாமளும் பாத்து "சுத்துது"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு சும்மா காத்திருக்கணும், அந்தக் காத்திருக்குறதுதான் பெத்தவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். இந்த மாதிரி பழகுனப்ப குழந்தைங்க தானா பேச்சு குடுக்குறது கூடிச்சு. ஆட்டிசம் போயிடுச்சுன்னு யாரும் சொல்லல, அதனாலயே எனக்கு இது மேல நம்பிக்கை ஜாஸ்தி.

அப்புறம் அந்த கிளினிக்காரங்க "இது ஆராய்ச்சி"ன்னு சொன்னா, அப்ப எதுக்கு காசுன்னு கேளுங்க. உண்மையான ஆராய்ச்சில சேர்ற குழந்தைகிட்ட ஊசிக்கு பணம் வாங்க மாட்டாங்க.