ரீனோவில் தினமும் நிலம் ஆடுகிறது: கோத்தகிரி அக்காவுக்கு

அக்கா, அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரம் பக்கம் இருக்கிற உங்க மகன் "ஒரு வாரமா லேசா ஆடிக்கிட்டே இருக்கும்மா" என்றானாம், ஊருக்கே வரச் சொல்லவா என்று கேட்டிருந்தீங்க. பதறாதீங்க. அந்தப் பாலைநிலத்தில் பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு மெலிந்துகொண்டே இருக்கிறது. பிளவுகள் சறுக்கும்போது சின்ன அதிர்வுகள் கூட்டமாக வரும். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். நம்ம நீலகிரிப் பாறை சுமார் 250 கோடி வருஷப் பழசு, இறுகிக் கிடக்கிறது. நமக்கு மண்சரிவு பயம், அவங்களுக்கு இது.

ஆனால் அசட்டையும் வேண்டாம். 2008இல் ரீனோவை ஒட்டிய மோகுலில் பிப்ரவரி கடைசியில் தொடங்கிய அதிர்வுகள், ஏப்ரல் 25 ராத்திரி சுமார் 5 ரிக்டர் வரை போயின. இன்றைக்கே போன் போட்டு, தலைமாட்டுப் படங்களைக் கழற்றச் சொல்லுங்க. புத்தக அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்கட்டும். கட்டிலடியில் ஷூ இருக்கட்டும், உடைந்த கண்ணாடி காலைக் கிழிக்கும். ஆடினால் ஓடாமல் மேஜைக்கடியில் புகுந்து காலைப் பிடித்துக்கொள்ளணும், மேஜைக்காலை.